ரொண்டா கூப்பிடவில்லை

மூன்று வாரமாக ரொண்டாவிடமிருந்து போன் இல்லை. இன்றைக்கு வெர்னாவின் பிறந்த நாள். இன்றைக்குக்கூட இல்லை.

இவளாகக் கூப்பிட மானம் இடம் கொடுக்கவில்லை.

மகன் கேரி மட்டும் ஃபுளோரிடாவிலிருந்து ஒரு பூங்கொத்தின் படத்தைப் போனில் அனுப்பியிருந்தான். படத்தை முகர்ந்தா பார்க்க முடியும்?

வெர்னா போர்த்தியிருந்த கம்பளியை உதறிவிட்டு எழுந்தாள். சில்வர் பைன் கேசினோவின் பெயர் பொறித்த கம்பளி. சூதாட்ட மெஷினில் ஆட ஆடப் புள்ளி சேரும்; புள்ளி சேரச் சேர இனாம் வரும். அப்படி வந்த கம்பளி வீட்டில் ஐந்து இருக்கிறது. மிச்சிகனின் நவம்பர் குளிரை அவற்றை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"உங்க கம்பளி இருக்க எனக்கு எதுக்குடி ஹீட்டரு?" என்று ரொண்டாவிடம் சொல்லிச் சிரித்தாள், கடைசியாகப் பேசினபோது.

கேசினோவில் ரொண்டாவுக்கு வேலையே இதுதான். நிறைய ஆடுகிறவர்களை வாராவாரம் கூப்பிட்டு, "சாப்பிட்டீங்களா, முட்டி வலி எப்படி இருக்கு, வியாழக்கிழமை வர்றீங்கல்ல?" என்று விசாரிப்பது.

தூண்டிலில் புழு வைக்கிறவன், ஐயோ மீனுக்குப் பசிக்குமே என்றா வைக்கிறான்? இது வெர்னாவுக்கும் தெரியும். ஆனால் கணவன் கார்ல் போய்ச் சேர்ந்த பிறகு அவளிடம் சாப்பிட்டாயா என்று கேட்க உலகத்தில் வேறு ஆள் இல்லை. வியாழக்கிழமையானால் லிப்ஸ்டிக் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

இன்றைக்கும் கிளம்பினாள்.

வழக்கமான மெஷின் காலியாக இருந்தது. கழுத்திலிருந்து சுருள் கயிற்றில் தொங்கிய கேசினோ கார்டை அதில் சொருகினாள். போன வருஷம் இதே நாளில் திரை முழுக்க கேக்கும் மெழுகுவத்தியும் வந்து, "பிறந்த நாள் வாழ்த்துகள், வெர்னா!" என்று பாட்டே பாடியது. சாப்பாடும் இனாம்.

இந்த வருஷம் ஒரே வரி. "பணத்தைப் போடவும்."

வெர்னா கார்டை உருவிக்கொண்டு நேராக கவுன்ட்டருக்குப் போனாள். டிராய் என்ற பையன் உட்கார்ந்திருந்தான்.

"இன்னிக்கு எனக்குப் பிறந்த நாள், தம்பி. சாப்பாட்டுக் கூப்பன் வரலை. மெஷின்ல ஏதோ கோளாறு."

டிராய் கம்ப்யூட்டரைப் பார்த்தான். நம்பாதவன்போல மறுபடியும் பார்த்தான்.

"கோளாறு இல்ல மேடம். இனாம் குடுக்கிற லிஸ்ட்லயே உங்க பேர் இல்ல. எடுத்துட்டாங்க."

"யாரு எடுத்தது?"

அவன் தயங்கினான். "ரொண்டாதான். போன் பண்ண வேண்டாம், எதுவும் அனுப்ப வேண்டாம்னு அவங்களே போட்டிருக்காங்க."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். வெர்னாவுக்கு அவமானத்தில் உடம்பு கூசியது.

"போன மாசம் கொஞ்சம் கம்மியா ஆடினேன். அதுக்குள்ளயா? கறவை நின்னா மாட்டுக்குத் தீனி கிடையாது, அப்படித்தானே?"

"நான் என்ன மேடம் பண்ணட்டும்?"

"அவளைக் கூப்பிடு. என் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லு."

"இன்னிக்கு லீவு போட்டிருக்காங்க."

"போடுவா, போடுவா! நான் வருவேன்னு தெரியுமே அவளுக்கு."

பழக்க தோஷம், வாசலுக்குப் போகிற வழியில் கை தானாகப் பையிலிருந்த பணத்தைத் தொட்டது. வெர்னா கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள். கழுத்திலிருந்த கார்டைக் கயிற்றோடு கழற்றிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

பஸ்ஸில் வரும்போது அழுதாள். கையிலிருந்ததையெல்லாம் தோற்றுவிட்டுத் திரும்பிய நாட்களில்கூட அவள் அழுததில்லை.

வீட்டு வாசற்படியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மடியில் கேக் பெட்டி. பக்கத்தில் மூடிபோட்ட சூப் பாத்திரம். குளிரில் மூக்கு சிவந்துபோயிருந்தது.

ரொண்டா.

"இங்க என்னடி வேலை உனக்கு?" வெர்னா வெடித்தாள். "இன்னும் கறக்கிறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?"

"திட்டுங்க. ஆனா கதவைத் திறந்துட்டுத் திட்டுங்க. நான் இங்க வந்தது தெரிஞ்சாலே அங்க வேலை போயிடும்."

"என் பேரை எடுத்தது நீதானா?"

"நான்தான்."

"ஏண்டி? என்னைக் கூப்பிட்டுப் பேசினது நீ ஒருத்திதானேடி!"

ரொண்டா ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். சோபாவில் கம்பளிகள் குவிந்துகிடந்தன.

"கம்பளி இருக்க ஹீட்டர் எதுக்குன்னு சிரிச்சீங்களே, அன்னிக்கு எனக்குச் சிரிப்பு வரலை. ஹீட்டருக்கு வெச்சிருந்த காசு எங்க போச்சுன்னு எனக்குத் தெரியாதா? நீங்க தோத்தாத்தானே எனக்கு போனஸ்!"

வெர்னா பையில் சாவியைத் துழாவினாள். கண்ணீரில் எதுவும் தெரியவில்லை. ரொண்டா சாவியை வாங்கிக் கதவைத் திறந்தாள். உள்ளேயும் வெளியே அடித்த அதே குளிர்தான்.

"நான் கூப்பிட்டா நீங்க வந்துடுவீங்க. வராம இருக்க உங்களால முடியாது," என்றாள் ரொண்டா. "வாராவாரம் கூப்பிட்டதெல்லாம் சம்பளத்துக்கு, வெர்னாம்மா. இந்த மூணு வாரமா கூப்பிடாம இருந்தேன் பாருங்க, அதுதான் உங்களுக்காக."