லாரி நம்பரில் ஒரு வார்த்தை

"கே, டபிள்யூ! ரெண்டு எழுத்தும் வரோணும். இங்கிலீஷ் வார்த்தை, நல்லாப் பெருசா இருக்கோணும். சொல்லுங்க பாக்கலாம்."

பின்சீட்டிலிருந்து வந்த குரலைக் கேட்டு, டாக்ஸி டிரைவர் ரத்தினசாமி கண்ணாடியில் பார்த்தார். பல்லடத்தில் ஏறியதிலிருந்து வாயே திறக்காமல் வந்த சாரதாமணி அம்மாள், முன்னால் நின்ற லாரியின் நம்பர் பிளேட்டைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ராஜபாண்டி, புதுச் சட்டையின் காலரைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டிருந்தார். இருவருக்கும் அறுபதை ஒட்டிய வயது.

"இப்பப் போயி விளையாட்டா, சாரதா? வண்டி அசைய மாட்டேங்குது. நம்ம போறதுக்குள்ள கூப்பிட்டுட்டா என்ன செய்றது?"

"நீங்க வேர்த்துக் கொட்டுனா ரோடு தொறந்துருமாக்கும்? கே, டபிள்யூ."

ராஜபாண்டி கண்ணை மூடினார். "அக்னாலெட்ஜ்மென்ட்."

சாரதாமணி விரல் விட்டு எண்ணினார். "பதினஞ்சு எழுத்து! மூளை இன்னும் துருப்புடிக்கல."

பனியன் பெட்டி ஏற்றிய கன்டெய்னர் ஒன்று சாலைப் பிரிவில் திரும்பும்போது மாட்டிக்கொண்டு, திருப்பூர் ரோடே அடைத்து நின்றது. ரத்தினசாமிக்குப் பேசாமல் இருக்க முடியவில்லை.

"ரிஜிஸ்டர் ஆபீசுக்குத்தானுங்களே போறோம்? நெலமுங்களா? வாங்கறதுங்களா, குடுக்கறதுங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரெண்டுந்தான் தம்பி," என்றார் ராஜபாண்டி.

அப்போது சாரதாமணியின் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர், சத்தத்தை நிறுத்திக் கைப்பைக்குள் போட்டார். "என்ற தம்பி."

"ஒரு வார்த்தை பேசேன் சாரதா. இன்னமும் கோவமாத்தான் இருப்பாரு."

"நேத்துப் பூரா பேசியாச்சு. சொந்தக்காரங்க மூஞ்சில முழிக்க முடியாதுங்கறான். மொதல்ல கையெழுத்தப் போடுவோம். அப்புறம் பேசிக்கலாம்."

நிலம் என்று வந்துவிட்டால் கூடப்பிறந்தவர்களே இப்படித்தான் என்று ரத்தினசாமி மனதுக்குள் சொல்லிக்கொண்டார். நல்ல மனுஷர்கள், பாவம்.

"டி, வி!" பக்கத்தில் உரசினாற்போல் வந்து நின்ற வேனைக் காட்டினார் சாரதாமணி.

"டிரைவர்!" ரத்தினசாமி முந்திக்கொண்டார்.

பின்சீட்டில் இருவரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். ராஜபாண்டி விடவில்லை. "அட்வர்டைஸ்மென்ட்!"

"இதென்னங்க, புதுசா இருக்குது இந்த விளையாட்டு?"

ராஜபாண்டியின் முகத்தில் இருந்த இறுக்கம் முதல்முறையாகத் தளர்ந்தது. "புதுசா? காலேஜ் காலத்துல வந்தது தம்பி. எங்கப்பா பனியன் கம்பெனி வேலைக்காக உசிலம்பட்டிப் பக்கம் இருந்து எங்களையெல்லாம் கூட்டியாந்தாரு. நானும் இவுகளும் ஒரே டவுன் பஸ். இவுக ஜன்னல் சீட்டு, நான் பின்னாடி கம்பியப் புடிச்சு நிப்பேன். நாங்க பேசினா பஸ்ஸே திரும்பிப் பாக்கும். இங்கிலீஷ் வார்த்தையச் சொல்லிக்கிட்டா, படிக்கிற புள்ளைகன்னு விட்டுருவாக."

"அப்பெல்லாம் நம்பர்ல மூணு எழுத்து இருக்குமுங்க," என்று சாரதாமணி தொடர்ந்தார். "ஒருக்கா டி, எம், எக்ஸ் வந்துச்சு. நான் எறங்கற வரைக்கும் இவரு பதிலே சொல்லல. பஸ்சு கெளம்புனப்பறம் படியில தொங்கிட்டு, 'எக்ஸைட்மென்ட்!'னு கத்தறாரு. எனக்கு வெக்கமாப் போச்சு. ஆனா அன்னிக்கு ராத்திரி பூராச் சிரிச்சுட்டே கெடந்தேன்."

"அப்ப லவ் மேரேஜுங்களா?"

"அப்படித்தான் சொல்லோணும்."

"அந்தக் காலத்துல ஊட்ல ஒத்துக்கிட்டாங்களா?"

"எங்கீங்க! பெரிய ரகளையாயிருச்சு. அந்தத் தையிலயே கல்யாணமும் ஆயிருச்சு. அதோட இந்த வெளையாட்டும் நின்னு போச்சு." சாரதாமணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அப்புறம் கம்பெனி, கொழந்தைக, ஆஸ்பத்திரின்னே ஓடிருச்சு. ஆனாலும் ரோட்ல எந்த வண்டி நம்பரப் பாத்தாலும் மனசுக்குள்ள ஒரு வார்த்தை வந்துட்டேதான் இருந்துச்சு."

ராஜபாண்டி சட்டென்று அவரைப் பார்த்தார். "உனக்குமா?"

ரத்தினசாமிக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் இதைக்கூடவா ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை? தன் மனைவியின் மனதில் என்னென்ன ஓடுகிறதோ என்று ஒரு கணம் நினைத்துப் பார்த்தார்.

"மறுபடியும் எப்பங்க ஆரம்பிச்சீங்க?"

"போன வருசம், வேலம்பாளையத்துல ஒரு கல்யாணத்துல. சாப்புட்டுட்டு மண்டபத்து வாசல்ல நிக்கறோம். எதுத்தாப்புல நின்ன காரப் பாத்து இவரு பட்டுனு ஒரு வார்த்தை சொன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு."

கன்டெய்னர் ஒருவழியாகத் திரும்பியது. இவர்களை எப்படியாவது நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று ரத்தினசாமிக்கே ஒரு வேகம் பிறந்துவிட்டது. தெரிந்த சந்தெல்லாம் புகுந்து, ஆபீஸ் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

பட்டுப்புடவை கட்டிய இளம்பெண் ஒருத்தி ஓடிவந்து கதவைத் திறந்தாள். "அம்மா, சீக்கிரம்! அடுத்தது நீங்கதான்!"

அவளுக்குப் பின்னால் வந்த இளைஞன் ராஜபாண்டியின் கையைப் பிடித்து இறக்கினான். "வாங்கப்பா. சாட்சிக்கு நாங்க ரெண்டு பேரும் ரெடி." அவனது இன்னொரு கையில் இரண்டு ரோஜா மாலைகள் இருந்தன.

மாலைகளைப் பார்த்ததும் ரத்தினசாமிக்கு எல்லாம் புரிந்துவிட்டது. "அட, அறுபதாங்கல்யாணமுங்களா! அதையுமா இப்பப் பதிவு பண்றாங்க?"

உள்ளே போய்க்கொண்டிருந்த இருவரையும் பார்த்தபடி அந்தப் பெண் சிரித்தாள். கண் மட்டும் கலங்கியிருந்தது.

"இல்லீங்கண்ணா. எங்கப்பாவும் தவறிட்டாரு, இந்த முனீஸ் அண்ணனோட அம்மாவும் தவறிட்டாங்க. இவங்க ரெண்டு பேருக்கும் இன்னிக்குத்தானுங்க கல்யாணம்!"