துணைக்கு ஒருவர்

"இனிமே ஒத்தையா போனா மாத்திரை தரமாட்டாங்களாம். வூட்டு ஆளு ஒருத்தர் கூட வந்து கையெழுத்துப் போடணுமாம். புது ரூலுங்க."

முதல் தடவையாக மாத்திரை வாங்கப் போகவிருந்த பச்சையம்மாள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று தெரிந்த அன்றே, கணவன் ஏகாம்பரம் அவளுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக எடுத்து வைத்துவிட்டான்.

"எங்க போய் வாங்கினு வந்தேனு கேக்கமாட்டேன். வூட்டைவுட்டும் தொரத்தமாட்டேன்" என்றான். அவள் அவன் காலில் விழாத குறைதான்.

திருவண்ணாமலையில் மருந்து மையத்து வாசலிலேயே அவன் நின்றுவிட்டான்.

"நீ போ. நான் டீக்கடையில இருக்கேன்."

"ஒரே ஒரு கையெழுத்துங்க." தன்னால் அவனுக்கு இவ்வளவு அவமானமா என்று அழுதுகொண்டே கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

உள்ளே நர்ஸ் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"வாங்க ஏகாம்பரம்! வீட்ல சொல்லுங்கனு மூணு வருஷமா கெஞ்சினேன். புது ரூல் வந்தப்புறம்தான் சம்சாரத்தைக் கூட்டினு வரத் தோணுச்சா?"

ஒரு தாளைப் பச்சையம்மாள் பக்கம் தள்ளினார்.

"பயப்படாம கையெழுத்துப் போடுங்கம்மா. ஒரே தட்டுல சாப்பிட்டாக்கூட ஒட்டாது. மொத நாளே இவருகிட்ட சொல்லியிருக்கேன்."