என் கத்தரி தப்பாது

“இடது பக்கம் இன்னமும் இறுக்கிப் பிடிக்குதுண்ணே” என்று அந்தப் பச்சை ஜாக்கெட்டை மூன்றாவது தடவையாக என் மேஜையில் போட்டார் புவனேஸ்வரி.

செம்பட்டியில் லேடீஸ் டெய்லர் என்றால் நான்தான். இருபத்திரண்டு வருஷமாக என் கட்டிங்கை ஒருத்தரும் குறை சொன்னதில்லை. சொன்ன ஒன்றிரண்டு பேரும் இப்போது வேறு கடையில் தைக்கிறார்கள்.

“அதான் ரெண்டு தரம் பிரிச்சு விட்டேனே தங்கச்சி!” என்றேன். உண்மையில் ஒரு தரம்கூடப் பிரிக்கவில்லை. இஸ்திரி மட்டும் போட்டுக் கொடுத்தேன். என் கத்தரி மேல் எனக்கு அம்புட்டு நம்பிக்கை.

“அளவுக்குக் குடுத்த பழைய ஜாக்கெட் இப்பவும் கச்சிதமாத்தானே இருக்கு?”

எனக்குச் சுருக்கென்றது. “பழைய துணி இழுத்துக் குடுக்கும்மா. தப்பு ஜாக்கெட்ல இல்ல, ஒங்க ஒடம்புலதான். மொதல்ல போய் ஒரு டாக்டர்ட்டக் காட்டுங்க!”

கடையில் இன்னும் நான்கு பெண்கள் இருந்தார்கள். புவனேஸ்வரியின் முகம் வெளுத்துப்போனது. ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

கொக்கி தைத்துக்கொண்டிருந்த என் மனைவி ஜக்கம்மாள் ஊசியைக் கீழே வைத்தாள். “நாலு பொம்பளைக முன்னாடி பேசுற பேச்சாய்யா இது? அவ வீட்டுக்காரரு வந்து சாத்துனா நான் குறுக்க வரமாட்டேன்.”

பத்தாம் நாள் வந்தே விட்டார். காமராஜ், தேங்காய் மூட்டையை ஒற்றை ஆளாக லாரியில் ஏற்றுகிறவர். பைக் நிற்கும்போதே நான் ஊசி தேடுகிற சாக்கில் மேஜைக்கு அடியில் போய்விட்டேன்.

“அண்ணே, வெளிய வாங்க.” குரல் உடைந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

“மார்புல கட்டிண்ணே. புத்துநோய்தான்னு சொல்லிட்டாக. ஆனா ஆரம்பத்துலயே கண்டுபுடிச்சதால காப்பாத்திரலாமாம். நீங்க அன்னைக்குச் சொல்லலைன்னா அவ ஆசுபத்திரி வாசலையே மிதிச்சிருக்க மாட்டா.” சொல்லிவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

எனக்கும் அழுகை வந்தது. அந்தப் பெண் பிழைக்க வேண்டுமே என்று மனசு அடித்துக்கொண்டது. கூடவே, சொல்ல வெட்கமாக இருக்கிறது, பெருமையும் வந்தது. “பாத்தியாடி, என் கத்தரி தப்பாது” என்றேன் ஜக்கம்மாளிடம்.

அடுத்த எட்டு மாதமும் ஊர் முழுக்க இதே பேச்சுதான். பேசியது நான்தான்.

சிகிச்சை முடிந்து தேறிய புவனேஸ்வரி, தன் மகளிர் குழுவோடு சேர்ந்து திண்டுக்கல்லில் ஒரு மண்டபத்தில் விழா எடுத்தார். மார்பகப் புற்றுநோய் வந்த ஏழைப் பெண்களின் மருந்துக்கும் பஸ் செலவுக்கும் நிதி திரட்டுகிற விழா. சிறப்பு விருந்தினர் யார் என்று நினைக்கிறீர்கள்? அடியேன்தான்.

மாலை, சால்வை எல்லாம் போட்டார்கள். மைக்கைப் பிடித்தவன் முக்கால் மணி நேரம் விடவில்லை. “ஒரு நூல் கூடக்கொறைய இருந்தாலும் என் கண்ணு சொல்லிரும்! டெய்லர் சொன்னா டாக்டர்ட்டப் போங்க!” என்று முழங்கினேன். கைதட்டலில் மயங்கி, சிகிச்சையில் இருக்கிற பெண்களுக்கு ஆயுசுக்கும் இலவசமாகத் தைத்துத் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டேன். முன்வரிசையில் ஜக்கம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

ஆனால் பேச்சு பலித்தது. நாற்பது பெண்கள் அங்கேயே பரிசோதனைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நின்றார்கள்.

மேடையை விட்டு இறங்கியதும், பெரிய மருத்துவர் தோரணையில் புவனேஸ்வரியிடம் விசாரித்தேன். “இப்ப இடது பக்கம் எப்புடிம்மா இருக்கு? இறுக்கம் போயிருச்சா?”

அவர் அந்த வரிசையை ஒரு பார்வை பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு என் காதருகே குனிந்தார்.

“சத்தமாக் கேக்காதீங்க. அந்தப் பச்சை ஜாக்கெட் இன்னமும் பிடிக்கத்தான் செய்யுது. கட்டி வலது பக்கம்ண்ணே!”