வயிற்றில் இருப்பது

மருந்துக் கம்பெனியில் பாக்டீரியா வளர்க்கும் தொட்டியின் சூட்டை நாற்பத்திரண்டு டிகிரிக்கு ஏற்றி நாலு மணி நேரமாகிறது. அந்தச் சூட்டில்தான் அவை மருந்துக்கான புரதத்தைச் செய்யும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இரண்டாகப் பிரிய முடியாமல் ஒவ்வொன்றும் புழுவாக நீண்டு, உள்ளே புரதம் கட்டி கட்டியாக அடைத்துக் கிடந்தது. சில கிழிந்து வெடித்திருந்தன.

"சாகுது சார். சூட்டைக் குறைக்கட்டுமா?"

"சாகட்டும் ரெஜினா. வயித்துல இருக்கறதுதான் நமக்கு வேணும். இன்னும் ஒரு டிகிரி ஏத்து" என்றார் சூப்பர்வைசர் தனுஷ்கோடி.

பிரசவத்தன்று நான் வலியில் கிழிந்துகொண்டிருக்கும்போது, என் புருஷனும் டாக்டரிடம் இதையேதான் சொன்னான்.

சூட்டைக் கூட்டும் குமிழை விட்டுவிட்டு, தொட்டியின் ஐயாயிரம் லிட்டரையும் சாக்கடைக்கு விடும் வால்வைப் பிடித்தேன். காய்ச்சல்காரியின் கையைப் போல அது சுட்டது.