காயாத மஞ்சள்

குட்டிக்குத் தன் அறைக்கு மஞ்சள்தான் வேண்டும். அம்மாவுக்குச் சாம்பல் நிறம், அழுக்குத் தெரியாதாம். இருவரும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பெயிண்டர் இரண்டையும் சுவரில் கையகலத்துக்குப் பூசி, "காஞ்சப்புறம் பாத்துச் சொல்லுங்க" என்று போய்விட்டார். மகள் மஞ்சளை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "கையை எடுடீ, காயட்டும்!" என்று அம்மா அதட்டினாள்.

அந்த வாரமே காய்ச்சல் வந்து குட்டி போய்விட்டாள்.

மாதங்கள் ஓடின. சாம்பல் எப்போதோ காய்ந்துவிட்டது. மஞ்சள் மட்டும் காயவில்லை. தினமும் காலையில் அதில் புதிதாக ஒரு சின்ன விரல் தடம் இருக்கும். அம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவளுக்குப் பச்சைத் தண்ணீரே தொண்டையில் இறங்கும்.

"ரூமை இப்படியே வச்சிருந்தா நீ தேறமாட்டே" என்று கணவர் பெயிண்டரை வரவழைத்தார்.

"எந்த கலருங்க?"

அம்மா வாயெடுப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டார். "இவளுக்குச் சாம்பல்தான் பிடிக்கும்."

"என்னங்க இது, நேத்துப் பூசின மாதிரி ஒட்டுது!" என்று பெயிண்டர் மஞ்சளைத் துணியால் துடைத்தார். சாயங்காலத்துக்குள் நாலு சுவரும் சாம்பலாகிவிட்டன.

மறுநாள் அம்மா அந்த இடத்தைத் தொட்டாள். நன்றாகக் காய்ந்திருந்தது. சுவர் முழுக்கத் தடவினாள். எங்கேயும் ஈரமில்லை.

பால் எடுக்க வாசல் கதவைத் திறந்தபோதுதான் கண்ணில் பட்டது. வெளியே போகிறவர்கள் இழுத்துச் சாத்தும் கைப்பிடியில் ஐந்து சின்ன விரல் தடங்கள், மஞ்சளாக.

தொட்டாள். அதுவும் காய்ந்திருந்தது.