பலகைக்கு முன்னால் நின்றவள்

மாணவர் எழுதியவற்றைக் குத்திவைக்கும் பலகையில் தன் முதல் கதையைக் குண்டூசியால் குத்திய கையோடு, ஜெசிந்தா அதற்கு முன்னால் திரும்பி நின்றுகொண்டாள். அந்த வாரம் முழுக்க இடைவேளை மணி அடித்தால் இதுதான் அவள் வேலை. யாருக்கோ காத்திருப்பவள் போல வராந்தாவைப் பார்ப்பாள். பலகைக்கு வருகிறவர்கள் இடப்பக்கத்துக் கவிதையைப் படித்துவிட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு வலப்பக்கத்துத் துணுக்குக்குப் போய்விடுவார்கள். குத்தியவளும் அவள்தான், மறைப்பவளும் அவள்தான். இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்ல?

வெள்ளிக்கிழமை, கையில் டிபன் பாக்ஸோடு முதலாமாண்டுப் பெண் ஒருத்தி வந்து நின்றாள்.

"அக்கா, கொஞ்சம் நகருங்களேன்."

"இங்க ஒண்ணும் இல்லம்மா."

"இருக்கே. உங்க தோளுக்கு மேல ரெண்டு வரி தெரியுது. தினமும் அதையேதான் படிச்சிட்டுப் போறேன். அதுல கதவைத் தட்டினது யாரு, அக்கா?"

யாரென்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஓரடி விலகினாள். துப்பட்டா குண்டூசியில் மாட்டியிருந்தது போலும், தாளும் அவளோடு கழன்று வந்து முதுகில் தொங்கியது. அவள் கை பதறிப் பின்னால் போனது.

"ஐயோ, எடுக்காதீங்கக்கா. அப்படியே நில்லுங்க."

கை பாதியிலேயே நின்றது. பின்னால் அந்தப் பெண் முணுமுணுவென்று படிக்கத் தொடங்கினாள். கதவு திறக்கும் இடத்தில் முணுமுணுப்பு நின்றுபோனது. ஜெசிந்தா கையை மெல்லக் கீழே இறக்கி, முதுகை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டாள்.