மயரின் சமையல்காரர்

அப்பா இறந்தபின் தனியாக இருந்த அம்மா மயர், விடுமுறைக்கென்று வேல்ஸ் கடலோரத்தில் பெரிய வீடு பிடித்துப் பிள்ளைகளை அழைத்திருந்தாள். ஓயாத மழை. மகள் டெலித்துக்கு எல்லாவற்றிலும் எரிச்சல்.

"இந்தச் சமையல்காரரை எங்கம்மா பிடிச்சே? மீன்ல உப்பே இல்ல," என்று அடுப்படியில் நின்ற பெரியவரின் காதுபடவே முகம் சுளித்தாள்.

"வாயில வைக்க முடியல. நாளைக்கே அனுப்பிடும்மா," என்றான் தம்பி இவான்.

அம்மா எழுந்துபோய் அந்தப் பெரியவரின் கையைப் பற்றிக்கொண்டாள்.

"அனுப்ப முடியாதுடா. சனிக்கிழமை இங்க சேப்பல்ல எங்க ரெண்டு பேருக்கும் கல்யாணம். சொல்லத்தான் கூப்பிட்டேன். வந்ததுலேருந்து ஒருத்தராவது இவர் பேரைக் கேட்டீங்களா?"

டெலித் அப்போதும் கேட்கவில்லை.

"அப்போ நம்ம வீடு யாருக்கும்மா?" என்றுதான் கேட்டாள்.